பங்களா வாசலில் நின்ற சட்டம்: தங்கவயலிலிருந்து வளைகுடா வரை

கோலார் தங்கவயல் சுரங்கங்களை ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் கையில் எடுத்தது. அதன் பிறகு வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்த தமிழர்கள், சட்டக் கண்ணோட்டத்தில் பிரிட்டிஷ் இந்தியாவை விட்டு மைசூர் சமஸ்தானத்துக்குள் வந்தவர்கள். அவர்கள் குடியிருந்த லைன் வீடுகள் கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போய்விடும். தங்கவயலிலேயே இருக்கும் ராபர்ட்சன்பேட்டை இந்த வரிசையில் சேராது. மைசூர் ரெசிடென்ட் டொனால்ட் ராபர்ட்சன் பெயரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான ஊர் அது. அங்கே குடியிருப்பவருக்குக் கம்பெனி வீட்டுக்காரன் அல்ல.

முதலாளியின் இடத்திலேயே தங்கி வேலை செய்கிறவருக்கு முதலாளி எவ்வளவு தூரம் பொறுப்பு என்ற கேள்வியை ஆராயத் தங்கவயல் நல்ல களம். இதில் இரண்டு பொறுப்புகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, தொழிலாளிக்கு முதலாளி செய்ய வேண்டியது. மற்றது, தொழிலாளியைப் பற்றி அரசுக்கு முதலாளி சொல்ல வேண்டிய பதில். இரண்டையும் ஒன்றென்று எண்ணியதால்தான் நூறாண்டுச் சட்ட வரலாறு இவ்வளவு குழம்பியிருக்கிறது என்பது என் கருத்து.

சுரங்கத்துக்குள் முதல் வகைப் பொறுப்பு மெல்ல மெல்ல இறங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. மைசூரும் அதே வழியில் சென்றது. 1940களில் தங்கவயல் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் சிலிகோசிஸ் இருந்தது தெரியவந்தது. பாறைத்தூசி நுரையீரலில் படிவதும் வேலையால் வந்த கேடுதான், அதற்கும் இழப்பீடு உண்டு என்று ஒப்புக்கொள்ளும் நிலை வந்தது. இரண்டாம் வகைப் பொறுப்பும் கூடவே வளர்ந்தது. தங்கம் திருட்டுப் போகாமல் காக்கக் கம்பெனி தொழிலாளியை அடையாளமிட்டது, சோதித்தது. கைரேகை பதிவு செய்ய முனைந்தபோது 1930இல் பெரும் வேலைநிறுத்தம் வெடித்தது.

அதே கம்பெனி துரையின் பங்களாவில் வேலை பார்த்த ஆயாவுக்கும் சமையல்காரருக்கும் இந்த இரண்டில் எது கிடைத்தது? 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் சுரங்கம் உண்டு, சமையலறை இல்லை. கணவன் சுரங்கத்தில் கால் முறிந்தால் வழக்கு. மனைவி பங்களாவில் கொதிநீர் கொட்டிக்கொண்டால் துரைசானியின் இரக்கம், அவ்வளவுதான்.

கடல் கடந்த ஆயாக்களின் கதை இன்னும் பழையது. துரைமார் குடும்பத்தோடு கப்பலேறிய இந்திய ஆயாக்கள் பலர், குழந்தைகள் லண்டன் சேர்ந்ததும் கைவிடப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் தங்கிய ஆயாக்கள் இல்லம் 1900இல் ஹாக்னிக்கு இடம் மாறியது. அந்தக் கட்டடத்தில் 2022இல் நினைவுப் பலகை பதித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே, வேலைக்காரரைச் சீமைக்கு அழைத்துப் போகிறவர் பிணைப்பணம் கட்ட வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. ஆதரவற்று நிற்பவரைத் திருப்பி அனுப்பும் செலவு கம்பெனி தலையில் விழக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆயாவின் சம்பளம், தூக்கம், அடி உதை எதுவும் அந்தப் பணத்தின் கணக்கில் வராது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வெளிநாட்டு வீட்டுவேலையையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. பிணை அங்கும் தொடர்ந்தது.

இந்தப் பிணை முறையின் முழு வளர்ச்சியைச் சிங்கப்பூரில் பார்க்கலாம். 1978இல் வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கான திட்டம் தொடங்கிய அந்த நாட்டில், மலேசியர் அல்லாத ஒவ்வொரு பணிப்பெண்ணுக்கும் முதலாளி 5,000 வெள்ளிக்குப் பிணை கொடுக்க வேண்டும். உணவு, தங்குமிடம், மருத்துவம், காப்புறுதி, ஊர் திரும்பும் பயணச்சீட்டு எல்லாம் அவர் பொறுப்பு. காகிதத்தில் தாராளமான சட்டம். ஆனால் பணிப்பெண் காணாமல் போனால் பிணை பறிபோகும் என்ற பயத்தில் முதலாளிகள் பலர் கதவைப் பூட்டினார்கள், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தார்கள், விடுப்பு மறுத்தார்கள். வேலை தருபவரை அரசு காவல்காரராக்கினால் அவர் காவல்காரராகத்தானே நடந்துகொள்வார்? வாரம் ஒரு ஓய்வுநாள் சட்டப்படி வந்தது 2013இல்தான். அதையும் கூடுதல் சம்பளம் கொடுத்து ஈடுகட்டலாம் என்று இடம் விட்டார்கள். மாதத்தில் ஒரு நாளையாவது கண்டிப்பாக விட வேண்டும் என்ற விதிக்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேலைவாய்ப்புச் சட்டமும் வேலையிட விபத்து இழப்பீட்டுச் சட்டமும் பணிப்பெண்களை இன்றும் சேர்த்துக்கொள்வதில்லை.

வளைகுடாத் தமிழர்கள் 'கத்தாமா' என்று அழைக்கும் வீட்டுப் பணிப்பெண்களுக்குச் சட்டம் இன்னும் தாமதமாக வந்தது. குவைத்தில் 2015ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம் நாளுக்கு 12 மணி நேர வரம்பையும் வார விடுமுறையையும் கொடுத்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2017இல் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் அங்கே வீட்டுக்காரர் சம்மதமோ அரசு வழக்குத்துறையின் அனுமதியோ இல்லாமல் தொழிலாளர் ஆய்வாளர் வீட்டுக்குள் நுழைய முடியாது. தங்கவயல் பங்களா வாசலில் நின்ற சட்டம் இங்கும் வாசலில்தான் நிற்கிறது.

சுரங்கம் 2001இல் மூடப்பட்ட பின் தங்கவயலுக்கு வீட்டுவேலை செய்பவர்களின் இந்த நிலை தூரத்துச் செய்தி அல்ல. தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து விடிகாலையில் கிளம்பும் ரயில்கள் இந்த ஊரின் உழைப்பைப் பெங்களூருக்குக் கொண்டுபோகின்றன. வீட்டுவேலைக்குக் குறைந்தபட்சக் கூலியைக் கர்நாடகம் 2004இல் அறிவித்தது. கொடுக்காத வீட்டை யார் சோதிப்பது என்பதற்குப் பதில் இல்லை. ரயில்பாதையில் சற்றுக் கிழக்கே இருக்கும் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண் 2015இல் ரியாத்தில் வேலை பார்த்த வீட்டில் கையை இழந்தார். தப்ப முயன்றபோது முதலாளி தரப்பு வெட்டியது என்றார் அவர். தப்பும்போது விழுந்ததால் நேர்ந்தது என்றது சவூதிக் காவல்துறை. எது உண்மையானாலும், வேலையை விட்டு விலகத் தப்பி ஓட வேண்டியிருந்தது என்பதை இருதரப்பும் மறுக்கவில்லை.

இந்திய அரசு 2007இல் வேறு வகைப் பிணை ஒன்றை வகுத்தது. முகவர் இல்லாமல் நேரடியாக இந்தியப் பெண்ணை வீட்டுவேலைக்கு எடுக்கும் வெளிநாட்டு முதலாளி, இந்தியத் தூதரகத்தில் 2,500 டாலர் கட்ட வேண்டும். பெண்ணுக்கு முன்பணம் செலுத்திய கைபேசி இணைப்பும் தர வேண்டும். சிங்கப்பூரில் பிணை பறிமுதலானால் பணம் அந்நாட்டு அரசுக்குப் போகும். இங்கே பணம் பெண்ணின் நாட்டுத் தூதரகத்திடம், அவளுக்காக இருந்தது. நான் அறிந்த பிணைகளில் திசை சரியாக இருந்தது இது ஒன்றுதான். குவைத் இதை ஏற்கவில்லை. இந்தியப் பணிப்பெண்களுக்கு விசா தருவதை நிறுத்தியது. 2017இல் குவைத்தைப் பொறுத்தவரை இந்தியா அந்த விதியைக் கைவிட்டது. அதே 2007 விதிகளில் பெண்ணுக்குப் போட்ட நிபந்தனை, 30 வயது நிரம்பாதவர் போகக் கூடாது என்பது. அது அப்படியே நீடித்தது.