ஒரே கதவணை, இரு விளைவுகள்: லோக்தக் ஏரியில் மாறிவரும் மிதவைத் தாவரங்கள்

மணிப்பூர் மாநிலத்தின் லோக்தக் ஏரியில் 'பும்தி' எனப்படும் மிதக்கும் தாவரத் திட்டுகள் திறந்த நீர்ப்பரப்பில் அளவுக்கு மீறிப் பெருகியுள்ளன. அதே ஏரியின் தென்கிழக்கு ஓரத்தில் அமைந்த கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்காவிலோ அவை மெலிந்து வருகின்றன. முரண்பட்டவையாகத் தோன்றும் இவ்விரு மாற்றங்களுக்கும் பொதுவான காரணமாகக் கூறப்படுவது, மணிப்பூர் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1983-இல் செயல்பாட்டுக்கு வந்த இத்தாய் கதவணையாகும்.

மண்ணும் மட்கிய தாவரங்களும் உயிருள்ள புற்களின் வேர்களும் பின்னிப் பிணைந்த பாய் போன்றது பும்தி. அதன் தடிமன் சில சென்டிமீட்டர் முதல் ஏறத்தாழ 2 மீட்டர் வரை வேறுபடும். அதில் ஐந்தில் ஒரு பங்கே நீருக்கு மேல் தெரியும். எஞ்சிய பகுதி மூழ்கியிருக்கும்.

கதவணைக்கு முன்பு ஏரிக்கு ஓர் ஆண்டுச் சுழற்சி இருந்தது. கோடையை ஒட்டிய வறண்ட மாதங்களில் நீர் வடியும்போது பும்திகள் ஏரியின் தரையில் படியும். வேர்கள் மண்ணைத் தொட்டு ஊட்டச்சத்தை ஈர்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நீர் உயர்ந்ததும் தடித்த பாய்களாக மீண்டும் மிதக்கும். இப்போது நீர்மின் உற்பத்திக்காக நீர்மட்டம் ஆண்டு முழுவதும் உயர்த்தி வைக்கப்படுவதால் பூங்காவின் பும்திகளில் பெரும்பாலானவை தரையைத் தொடுவதே இல்லை. அடிப்பகுதி மட்கிக் கரைய, ஈடுசெய்யும் புதிய வளர்ச்சி போதாமல் பாய் மெலிகிறது.

ஏரியின் மற்ற பகுதிகளில் நிலைமை நேர்மாறானது. முன்பு மழைக்கால வெள்ளம் உடைந்த பும்திகளைக் கோர்தக் கால்வாய் வழியாக ஆற்றுக்கு அடித்துச் சென்றது. அந்த இயற்கையான வெளியேற்றம் கதவணையால் தடைப்பட்டது. இம்பால் நகரின் கழிவுநீரைச் சுமந்துவரும் நம்புல் ஆறும், சுற்றியுள்ள வயல்களின் உரமும் ஏரியில் சேர, தேங்கிய திட்டுகளும் ஆகாயத்தாமரையும் செழித்துப் பரவுகின்றன. மீன்பிடிப்பதற்காக வளைய வடிவில் அமைக்கப்படும் 'அதாபும்' வேலிகளும் இப்பரவலுக்குத் துணைபுரிந்தன. எனினும் கழிவுநீரை விட்டுவிட்டு மீனவர்களை மட்டும் குறைகூறுவது பொருந்தாது.

தாவர இனங்களின் விகிதமும் மாறுகிறது. சங்காய் மானின் விருப்ப உணவான 'இஷிங் கம்போங்' என்னும் காட்டு நெல்லினப் புல் குறைந்து, அயல்நாட்டுத் தீவனப் புல்லான பாரா புல் இடம்பிடித்து வருகிறது. ஒருவகைப் பூஞ்சை தாக்கிப் பருத்த கம்போங் தண்டு மணிப்பூர் சந்தைகளில் காய்கறியாக விற்கப்படுவதால், அப்புல்லின் சரிவு மானோடு நின்றுவிடுவதில்லை.

மணிப்பூரின் மாநில விலங்கான சங்காய், இயற்கைச் சூழலில் இப்பூங்காவில் மட்டுமே வாழ்கிறது. 1975 கணக்கெடுப்பில் 14 மான்களே காணப்பட்டன. 1977-இல் சுமார் 40 சதுர கிலோமீட்டர் பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2016 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 260 ஆக உயர்ந்தது. ஆனால் மெலிந்த பும்தி மானின் எடையைத் தாங்காது. குளம்புகள் நீரில் அமிழ்ந்துவிடும். எண்ணிக்கை கூடும்போதே நிற்கும் தளம் சுருங்குகிறது.

1990-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட லோக்தக், 1993-இல் சூழலியல் சீர்கேட்டுக்கு உள்ளான ஈரநிலங்களுக்கான மான்ட்ரூ பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. திறந்த நீர்ப்பரப்பின் பும்திகள் இயந்திரங்களால் அகற்றப்பட்டு வந்துள்ளன. ஊட்டச்சத்து வரத்து தொடரும்வரை அவை மீண்டும் வளரும். பூங்காவின் பும்திகளுக்கோ, வறண்ட மாதங்களில் கதவுகளைத் திறந்து நீரை வடியவிடுவதே பரிந்துரைக்கப்படும் வழி. ஆறுகளில் வரத்து குறையும் அம்மாதங்களில்தான் 105 மெகாவாட் நீர்மின் நிலையம் ஏரியின் சேமிப்பைப் பெரிதும் நம்பியிருக்கிறது. வயல்களை ஏரிநீருக்கு இழந்த கரையோர விவசாயிகளும் நீர்மட்டத்தைக் குறைக்குமாறு நீண்டகாலமாகக் கோரி வருகின்றனர்.