சிறுநீர்ப்பைப் புற்று மீண்டும் வருமா? கிண்டி மருந்தும் முன்னறிவிப்புக் குறிப்பான்களும்

சென்னை கொட்டிவாக்கத்துக்கு அருகிலேயே, சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் வரலாற்றில் இடம்பெறும் இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று, 1948இல் தொடங்கிய கிண்டி பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம். மற்றொன்று, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறில் உருவான புற்றுநோய் நிறுவனம். காசநோய்த் தடுப்பூசிக்காக ஏற்பட்ட கிண்டி ஆய்வகம், சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் 40 மில்லிகிராம் பி.சி.ஜி. மருந்தையும் தயாரித்தது. நோய் திரும்புவதை முன்கூட்டி அறிய முயன்ற ஆய்வுகளில் மிகப் பயனுள்ளவை பி.சி.ஜி. சிகிச்சையையொட்டியே வளர்ந்தன என்பது என் கருத்து.

இந்நோயாளிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குக் கட்டி தசையைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. சிறுநீர்ப்பாதை வழியாகவே அதைச் சுரண்டி எடுத்துவிடலாம். ஆனால் அது திரும்பி வரும். 2,596 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு 2006இல் வெளிவந்த ஐரோப்பியக் கணிப்பு அட்டவணைப்படி, ஓராண்டுக்குள் திரும்பும் வாய்ப்பு குறைந்த ஆபத்துள்ளவர்களுக்கு 15 சதவீதம், மிகுந்த ஆபத்துள்ளவர்களுக்கு 61 சதவீதம். கட்டிகளின் எண்ணிக்கை, அளவு, ஆழம், தரம், முன்பு எத்தனை முறை வந்தது ஆகியவை போன்ற விவரங்களே அதற்கு அடிப்படை. எந்த மூலக்கூற்றுக் குறிப்பானுக்கும் அதில் இடமில்லை. ஆபத்து மிகுந்தவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டோஸ்கோபி (சிறுநீர்ப்பைக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் சோதனை, சுருக்கமாக ஸ்கோப்) செய்துகொள்ள வேண்டியிருப்பதால், சிறுநீரைக் கொண்டே முன்னறிய முடியுமா என்ற தேடல் ஓயவில்லை.

1945இல் பாபனிகொலாவும் மார்ஷலும் சிறுநீரில் உதிரும் செல்களைச் சாயமேற்றிப் பார்த்தார்கள். வீரியமான கட்டிகள் அதில் சிக்கின, மிதமானவை தப்பின. அறுவை முடிந்து சில நாட்களுக்குப் பின் எடுத்த சிறுநீரில் என்.எம்.பி.22 என்ற புரதத்தை அளந்து, அடுத்த ஸ்கோப்பில் கட்டி தென்படுமா என்று கணித்தது 1996இல் வெளிவந்த சோலோவே குழுவின் ஆய்வு. அமெரிக்க அரசு அதே ஆண்டில் அந்தச் சோதனைக்கு ஒப்புதல் அளித்தது. கல், கிருமித்தொற்று, இரத்தக்கசிவு எதுவானாலும் இப்புரதம் உயரும். கோடையில் கல் நோயாளிகள் பெருகும் சென்னையில் இதைச் சிறு குறையாகக் கொள்ள முடியாது.

திசுவில் தேடிய பி53 புரதமும் 1994இல் பெரும் நம்பிக்கை தந்தது; 2011இல் வெளிவந்த பல மருத்துவமனைகளின் கூட்டு ஆய்வில் அந்தக் கணிப்பு நிலைக்கவில்லை.

பி.சி.ஜி. சிகிச்சையின் கதை 1976இல் தொடங்குகிறது. கனடாவின் மொரேல்ஸ் ஒன்பது நோயாளிகளுக்கு வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் மருந்து செலுத்திய முடிவுகளை வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த மருந்து ஆறு குப்பிகளாக வந்தது. ஆறு வாரக் கணக்குக்கு அதுவே காரணம். இன்றும் உலகெங்கும் அந்தக் கணக்கே தொடர்கிறது. மருந்து பையின் உட்சுவரை வேண்டுமென்றே அழற்சியுறச் செய்கிறது. அந்த அழற்சியே புரதச் சோதனைகளைக் குழப்பவும் செய்கிறது.

யூரோவிஷன் சோதனை இச்சிக்கலைப் பெருமளவு தாண்டியது. சிறுநீரில் வந்த செல்களில் 3, 7, 17ஆம் குரோமோசோம்களுக்கும் 9ஆம் குரோமோசோமின் ஒரு பகுதிக்கும் தனித்தனி ஒளிர்நிறம் ஏற்றுகிறார்கள். நலமான செல்லில் ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு புள்ளிகள். புற்றுச் செல்லில் சிவப்போ பச்சையோ மூன்று, நான்கு என்று பெருகும். பொன்னிறப் புள்ளிகள் இரண்டுமே காணாமல் போவதும் உண்டு. ஸ்கோப்பில் ஒன்றுமே தெரியாத சிலருக்கு இச்சோதனை மாற்றம் காட்டி, மாதங்கள் கழித்துக் கட்டி வந்தது. அதைத் தவறான முடிவு என்று ஒதுக்காமல் முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொண்டதே பெரிய திருப்பம். பி.சி.ஜி. சிகிச்சையின்போதே மாற்றம் தென்பட்டவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு மூன்று முதல் ஐந்து மடங்கு அதிகம் என்று டாக்டர் ஆஷிஷ் காமத் குழுவினர் 2012இல் காட்டினார்கள். பின்னர் அவர்களே சிறுநீரில் சைட்டோகைன்கள் எனும் நோயெதிர்ப்புப் புரதங்கள் ஒன்பதின் ஏற்ற இறக்கத்தை அளந்து, மருந்து யாருக்குப் பலிக்கும் என்று கணிக்கும் முறையையும் வகுத்தார்கள்.

ஆயினும் ஆபத்து மிகுந்தவர்களுக்கு ஸ்கோப்பின் இடத்தை எந்தக் குறிப்பானும் இன்னும் பிடிக்கவில்லை. அடையாறு நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்தும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு புதிய நோயாளிகளை எண்ணுவது. திரும்பி வந்த நோயை எண்ணுவதற்காக ஏற்பட்டதல்ல. பி.சி.ஜி. செலுத்தும் ஒவ்வொரு முறையும் நோயாளியின் சிறுநீரில் ஒரு பங்கைச் சேமித்து, ஐந்தாண்டு ஸ்கோப் முடிவுகளோடு இணைத்துப் பதிந்தால், நம் மக்களுக்குப் பொருந்தும் குறிப்பான் எது என்று இங்கேயே தீர்மானிக்கலாம். சென்னையின் சிறுநீரகவியல் துறைகள் இதைக் கூட்டாகத் தொடங்க வேண்டும். நோயாளிகளும், சிறுநீர்ச் சோதனை நன்றாக வந்தது என்பதற்காக மருத்துவர் குறித்த ஸ்கோப் தேதியைத் தவறவிட வேண்டாம்.