கேட்கப்படாத அழுகை: செல்மா ஃபிரைபர்க்கும் தாய்-சேய் உளச்சிகிச்சையின் தோற்றமும்

குழந்தைப் பருவத் தொடக்கத்தில் பிணைப்பில் நேரும் காயம் ஆறுமா என்னும் வினாவிற்குப் பிணைப்புக் கோட்பாடு முதலில் அளித்த விடை நம்பிக்கையூட்டுவதாக இல்லை. உலக சுகாதார நிறுவனத்திற்காக ஜான் பௌல்பி 1951-இல் எழுதிய அறிக்கை, இரண்டரை வயதிற்குப் பின் கிடைக்கும் நல்ல தாய்மைப் பராமரிப்பும் பெரும்பாலும் பயனற்றது என்றே கருதியது. 1956-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் முந்தைய கூற்றுகள் மிகைப்பட்டவை என ஒப்புக்கொண்டனர். ஆயினும் காயத்தை ஆற்றும் வழி தெளிவாகவில்லை.

அவ்வழியைத் தேடியவர்களுள் முதன்மையானவர் மருத்துவர் அல்லர். சமூகப்பணித் துறையினரான செல்மா ஃபிரைபர்க். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் முன்னரே பார்வையற்ற குழந்தைகளை ஆராய்ந்திருந்தார். தன் முகம் நோக்காத குழந்தையைக் கண்டு தாய் மனம் சோர்வாள். குழந்தையின் நாட்டமோ கைகளில் வெளிப்பட்டுக்கொண்டிருக்கும். அதைப் பெற்றோருக்குச் சுட்டிக்காட்டியதிலேயே அவருடைய பிற்காலச் சிகிச்சை முறையின் வேர் உள்ளது எனக் கருத இடமுண்டு.

எட்னா அடெல்சன், விவியன் ஷாபிரோ ஆகியோருடன் அவர் 1975-இல் வெளியிட்ட கட்டுரை இரு இளந்தாய்மாரைப் பற்றியது. முதலாமவர் தாமே கைவிடப்பட்டு வளர்ந்தவர். காணொளிப் பதிவில் குழந்தை அலறுகிறது. தாய் எங்கோ வெறித்தவாறு அமர்ந்திருக்கிறார். குழுவினர் அவரைக் குறை கூறவில்லை. அவருடைய அழுகை கேட்கப்பட்டால் குழந்தையின் அழுகையை அவரும் கேட்பார் எனக் கருதினர். சிகிச்சை அவர் வீட்டிலேயே, குழந்தை அருகிருக்க நிகழ்ந்தது. தம் துயரைச் சொல்லி அழுத வேளைகளில் அத்தாய் குழந்தையைத் தூக்கினார். முதலில் தம்முள் ஆழ்ந்தவராய், ஆயினும் அணைத்தபடி. இரண்டாமவர் தாம் பட்ட அடிகளை நினைவில் வைத்திருந்தார்; அவற்றின் வலியை மறந்திருந்தார். நிகழ்வை மறப்பதன்று, வலியை மறப்பதே அடுத்த தலைமுறையில் அதனை மீண்டும் நிகழ்த்துகிறது என்பது ஃபிரைபர்க்கின் முடிவு. கடந்தகாலத்தை ஒருவர் எவ்வாறு எடுத்துரைக்கிறார் என்பதற்கும் அவர் குழந்தையின் பிணைப்பிற்கும் உள்ள தொடர்பை மேரி மெயின் குழுவினர் 1985-இல் வெளியிட்டது இதற்கு வலுச்சேர்த்தது.

இருவரைக் கொண்டு நிறுவப்பட்டது சான்று ஆகாது, கருதுகோளே. டான்டே சிச்செட்டி முதலானோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, கொடுமைக்கும் புறக்கணிப்பிற்கும் உள்ளான குழந்தைகளைக் கொண்டு இதனைச் சோதித்தது. கடந்தகாலத்தை ஆராயும் சிகிச்சையும், வளர்ப்புத் திறன்களைக் கற்பித்த பயிற்சியும் ஏறத்தாழ ஒரே அளவில் பயனளித்தன. இது ஃபிரைபர்க்கின் கருத்திற்குச் சங்கடமான முடிவே. எனினும் ஓராண்டு கழித்து நோக்கியபோது, முதல்வகைச் சிகிச்சை பெற்ற குழந்தைகளிடமே பாதுகாப்பான பிணைப்பு மிகுதியாக நிலைத்திருந்தது.