நானூறா, அறுநூறா?

சோனி கேமரா வைத்திருப்பவர் காட்டுக்குக் கிளம்பும்போது பெரும்பாலும் இரண்டு லென்ஸ்களுக்கு நடுவில் வந்து நிற்பார். ஒன்று 2017-இல் வெளிவந்த 100-400 மி.மீ. ஜி மாஸ்டர். மற்றது 2019-இல் வந்த 200-600 மி.மீ. ஜி. அறிமுகமானபோது அமெரிக்காவில் முன்னதன் விலை சுமார் 2,500 டாலர்; பின்னதன் விலை சுமார் 2,000 டாலர். தூரம் எட்டுவது மலிவு, எட்டாதது விலை கூடுதல். இதைப் பார்த்தவுடன் பலர் 600-ஐ வாங்கிவிடுகிறார்கள். காசும் மிச்சம், வீச்சும் அதிகம், இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. வால்பாறைக்கும் முதுமலைக்கும் போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு பாதிதான் சரி என்பது என் கட்சி.

கனத்தை முதலில் சொல்லிவிடலாம். ஸ்டாண்டில் மாட்டும் காலைக் கழற்றிவிட்டு நிறுத்தால் 100-400-இன் எடை 1,395 கிராம், 200-600-இன் எடை 2,115 கிராம். நீளம் 20.5 செ.மீ., 31.8 செ.மீ. சிறியது சாதாரண முதுகுப்பையில் கேமராவோடு சேர்ந்தே படுத்துக்கொள்ளும். பெரியதற்குத் தனிப் பை தேவைப்படும். முக்கால் கிலோ வித்தியாசம் கடையில் பெரிதாகத் தெரியாது. இருவாச்சி எப்போது பறக்கும் என்று கண்ணை எடுக்காமல் கேமராவைத் தூக்கிப் பிடித்திருக்கும் கைக்குத் தெரியும். பெரியதற்குச் சாதகமாக ஒன்று உண்டு. ஜூம் செய்யும்போது அதன் நீளம் மாறாது, கண்ணாடிகள் உள்ளேயே நகரும். 100-400 முன்பக்கம் நீளும். நீள நீளக் கனமும் முன்னால் போகும். ஒற்றைக்கால் ஸ்டாண்டில் வைத்துச் சமன்செய்து எடுப்பவருக்குப் பெரியதுதான் வசதி.

இனி எட்டும் தூரம். முழு ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. அதைக் குவியத்தொலைவால் வகுத்து, விலங்கு நிற்கும் தூரத்தால் பெருக்கினால் படத்துக்குள் எவ்வளவு அகலம் அடங்கும் என்று தெரிந்துவிடும். 30 மீட்டரில் நிற்கும் புள்ளிமானுக்கு 400-இல் 2.7 மீட்டர் அகலம் கிடைக்கும், 600-இல் 1.8 மீட்டர். இரண்டிலும் மான் முழுசாக அடங்கும். 600-இல் இன்னும் நிறைவாக இருக்கும். அதே மான் 60 மீட்டர் தள்ளி நின்றால் 600-தான் ஜெயிக்கும். சந்தேகமே இல்லை.

ஆனால் நம் காடுகளில் 60 மீட்டருக்கு அப்பால் எத்தனை விலங்குகள் கண்ணில் படுகின்றன? முதுமலையில் பெரும்பரப்பை உண்ணிச்செடி பிடித்துக்கொண்டிருக்கிறது. தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டியில் போகும்போது பாதையின் இரு பக்கமும் ஆளுயரத்துக்கு அதுதான் நிற்கும். அதற்குள் நிற்கும் யானையை எந்த லென்ஸாலும் எடுக்க முடியாது. அது வெளியே வந்தால் பாதைக்கே வரும். வண்டிக்குப் பத்துப் பதினைந்து மீட்டரில் யானை நின்றால் 200-600-ஐ எவ்வளவு சுருக்கினாலும் 200-க்குக் கீழே போகாது. 10 மீட்டரில் 200-க்குள் அடங்குவது 1.8 மீட்டர் அகலம். காதும் கண்ணும் தும்பிக்கையின் பாதியும் கிடைக்கும். யானையின் உடல் நீளம் ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதை முழுசாக எடுக்க 200-க்கு 28 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும். 100-க்கு 14 மீட்டர் போதும். குட்டிகளை நடுவில் விட்டு யானைக்கூட்டம் பாதையைக் கடக்கும் காட்சி, படம் எடுப்பவர் வாழ்நாளெல்லாம் வைத்துக்கொள்ளும் படம். அது 200-இல் துண்டு துண்டாகத்தான் வரும். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லி டிரைவர் அண்ணனைக் கெஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் எடுக்கமாட்டார், எடுக்கவும் கூடாது.

வால்பாறையில் இது இன்னும் அதிகம். ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், கீழ் வளைவுகளிலேயே வரையாடு சாலையோரத் தடுப்புச்சுவரில் நின்றுகொண்டிருக்கும். புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகள் மனிதர்களைப் பொருட்படுத்தாமல் வீட்டுக்கூரையிலும் சாலையிலும் திரிகின்றன. அவற்றுக்கு 600 தேவையில்லை. தேயிலைச் சரிவும் சோலையும் பின்னணியில் வர, குரங்கைச் சின்னதாக வைத்து எடுக்கும் படத்துக்கு 100 மி.மீ. வேண்டும். மிருகத்தின் முகத்தை மட்டும் சட்டம் நிறைய அடைத்த படங்கள் இணையத்தில் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. அது எங்கே வாழ்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டும் படங்கள்தான் குறைவு.

600-இன் பக்கம் உள்ள வலுவான வாதம் வெளிச்சத்தில் இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். எஃப் எண்ணை மட்டும் பார்த்தால் 100-400-க்குத்தான் வெளிச்சம் கூடுதல். 400-இல் அது எஃப் 5.6, மற்றது 600-இல் எஃப் 6.3. வித்தியாசம் மூன்றில் ஒரு ஸ்டாப். ஐஎஸ்ஓ 3200-இல் எடுப்பதை 4000-இல் எடுக்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் எஃப் எண் என்பது குவியத்தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்து வரும் எண். திருப்பி வகுத்தால் துளை கிடைக்கும். 400-ஐ 5.6-ஆல் வகுத்தால் 71 மி.மீ. 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ. பரப்பளவில் பின்னது ஏறக்குறைய 1.8 மடங்கு. ஒரே இடத்தில் நின்றுகொண்டு, ஒரே கிளையில் உட்கார்ந்திருக்கும் ஒரே பறவையை, ஒரே ஷட்டர் வேகத்தில் எடுத்தால், அந்தப் பறவையிடமிருந்து வரும் வெளிச்சத்தை 200-600 அவ்வளவு கூடுதலாக அள்ளிக்கொள்கிறது. 400-இல் எடுத்து வெட்டிப் பெரிதாக்கிய படத்தில் இறகெல்லாம் பொரிப்பொரியாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெட்டுவதில் போவது வெளிச்சம் மட்டுமல்ல. 400-இல் எடுத்ததை 600 அளவுக்கு வெட்டினால் ஒன்பதில் நான்கு பங்குதான் மிஞ்சும். 33 மெகாபிக்சல் கேமராவில் அது 15-க்குக் கொஞ்சம் குறைவு. 61 மெகாபிக்சலில் 27. சுவரில் மாட்டுகிற அளவுக்கு அச்சிட இரண்டாவது போதும், முதலாவதும் பெரும்பாலும் போதும். 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டரை இடையில் மாட்டினால் 100-400 என்பது 140-560 ஆகிவிடும். ஆனால் துளை எஃப் 8. திறந்த வெளியில், நல்ல வெயிலில் ஓடும். மூடிய சோலைக்குள் மாட்டிப் பார்த்தவர்கள் கொஞ்ச நேரத்தில் கழற்றிவிடுவார்கள்.

துளைக் கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு. பறவை இரண்டு லென்ஸுக்கும் எட்டாத தூரத்தில் இருந்தால்தான் அந்த 1.8 மடங்கு நமக்கு ஆதாயம். விலங்கு 400-இலேயே சட்டத்தை நிறைத்துவிட்டால் எஃப் எண்தான் பேசும், அங்கே சின்ன லென்ஸ் ஒரு படி முன்னால். ஆகவே பேச்சு மறுபடியும் விலங்கு நிற்கும் தூரத்துக்கே வந்துவிடுகிறது.

அந்தத் தூரத்தை நாம் தீர்மானிக்க முடியாத இடம் வேடந்தாங்கல். கரையில் நிற்கிறோம், பறவைகள் ஏரிக்குள் இருக்கும் மரங்களில். நடுவில் தண்ணீர். 100 மீட்டர் என்று வைத்தால், கேமராவைப் படுக்கையாகப் பிடித்து 600-இல் எடுக்கும்போது படத்தின் உயரம் 4 மீட்டர், 400-இல் 6 மீட்டர். ஒரு மீட்டர் உயர மஞ்சள்மூக்கு நாரை முதலாவதில் கால்வாசி, இரண்டாவதில் ஆறில் ஒரு பங்கு. கூழைக்கடா குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் பார்க்கவேண்டுமானால் 600-க்கு மாற்றே இல்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரையிலான பருவத்தில் அங்கே போகிறவருக்கு 100-400-ஐ நான் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும்: காலை எட்டரை, ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளவேண்டும். வெயில் ஏறிவிட்டால் கானல் அலையத் தொடங்கும். அதற்குப் பிறகு எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் படம் குழைந்துதான் வரும். நீளம் கூடக் கூடக் குழைவும் கூடத் தெரியும்.

கிட்டத்தில் ஃபோகஸ் ஆவதை யாரும் விசாரிப்பதில்லை. 100-400 ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்திலேயே ஃபோகஸ் பிடிக்கும், 10 செ.மீ. அகலப் பரப்பு படத்தை நிறைத்துவிடும். 200-600-க்கு 2.4 மீட்டர் வேண்டும், அப்போதும் 18 செ.மீ. பரப்புதான். மழைக்குப்பின் மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கிறவருக்குப் பட்டாம்பூச்சியும் தவளையும் புலியைவிட நிச்சயமான வரவு. அதற்கென்று தனி மேக்ரோ லென்ஸ் சுமக்காமல் தப்பிக்கலாம். பச்சைக் குழிவிரியனைப் பார்த்தால் மட்டும் இந்த வசதியைப் பயன்படுத்தாமல் எட்டி நிற்பது உத்தமம்.

அதிர்வைத் தாங்கும் வசதி இரண்டிலும் உண்டு. அது நம் கை நடுக்கத்தை அடக்கும், குரங்கின் தாவலை அடக்காது. ஓடுகிறதற்கும் பறக்கிறதற்கும் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும்; அந்த வேகத்தில் நடுக்கம் பெரிய பிரச்சினையே அல்ல. பறக்கிற இருவாச்சியைத் தேடிப் பிடிப்பதுதான் பிரச்சினை. 600-இல் பார்வைக்குள் அடங்குவது வெறும் மூன்றரை பாகை. முதலில் 200-க்குச் சுருக்கிப் பறவையைப் பிடித்து, பிறகு நீட்டிப் பழகவேண்டும். 200-600-இன் ஜூம் வளையம் சின்னத் திருப்பலிலேயே முழுசாகப் போய்வருவதால் இது கைகூடும்.

நான்கு நாள் வால்பாறையும் டாப்சிலிப்பும் என்றால் நான் 100-400-ஐத்தான் எடுத்துக்கொள்வேன். ஏரியும் சதுப்பும் என்றால் 200-600. ஒன்றை வாங்கிவிட்டு மற்றதைத் தேவைப்படும் வாரத்துக்கு வாடகைக்கு எடுப்பதே நம் பணத்துக்கு நியாயம். சென்னையிலும் கோவையிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. சஃபாரி வண்டியில் மூன்றுகால் ஸ்டாண்டுக்கு இடமிருக்காது. தைத்த துணிப்பையைக் காலியாகக் கொண்டுபோய், அந்த ஊர்க் கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டால் போதும். ஏரிக்கரையில் ஸ்டாண்ட் போடப்போகிறவர்கள், 200-600-ஐ வாங்கும்போதே அடித்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். அதன் காலில் ஸ்டாண்ட் தலை கவ்விப் பிடிக்கும் ஆர்கா பள்ளம் கிடையாது. தகடு இல்லாவிட்டால் பெரும்பாலான ஸ்டாண்ட் தலைகளில் அது உட்காராது.