கோவளம்: விருந்தாளிகள் எழுதிய சரித்திரம்

கோவளம் என்ற சொல்லுக்குக் கடலுக்குள் நீண்டிருக்கும் தரைமுனை என்று அகராதி பொருள் தருகிறது. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் ஒன்று, திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் ஒன்று என இப்பெயரில் மூன்று ஊர்கள். மூன்றும் மீன்பிடிக் கிராமங்கள். பின்னிரண்டும் உல்லாசப் பயணிகளின் கடற்கரைகளாகவும் ஆனவை. நான் பேச எடுத்துக்கொள்வது சென்னைக் கோவளத்தை. கடல் கருவாடாக மட்டுமே வந்து சேர்கிற திண்டுக்கல்லில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுவதில் உள்ள அபத்தம் எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் இந்தக் கடற்கரையைப் பற்றி எழுதியவர்கள் எல்லோருமே ஏதோ ஒரு விதத்தில் வெளியாட்கள்தாம்.

எழுதப்பட்ட சரித்திரம் அன்னியர்களின் வரவிலிருந்துதான் விறுவிறுப்படைகிறது. ஆஸ்திரியப் பேரரசர் ஆறாம் சார்லஸிடம் 1722-இல் சாசனம் பெற்ற ஆஸ்டெண்ட் கம்பெனிக்கு இங்கே ஒரு வியாபாரத் தலம் இருந்தது. கம்பெனி பத்தாண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பிறகு 1740-களில் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் அதன் அருகிலேயே கோட்டை கட்டினார். 1750-இல் அதைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த விதத்தை ராபர்ட் ஆர்ம் தன் யுத்த சரித்திரத்தில் கொஞ்சம் ருசியோடு சொல்கிறார். ஒரு பிரெஞ்சுக் கப்பல் கரைக்கு எதிரே நங்கூரமிட்டு அபாய சமிக்ஞை காட்டுகிறது. உள்ளூர்வாசிகள் கப்பலுக்குப் போகிறார்கள். மாலுமிகளில் பெரும்பாலோர் நோயில் செத்துப்போனார்கள், கரையேற விடாவிட்டால் மிச்சமிருப்பவர்களும் சாவார்கள் என்று அவர்களிடம் சொல்லப்படுகிறது. நல்ல பணம் கிடைக்கும் என்ற நப்பாசையில் கோட்டைத் தலைவன் சம்மதிக்கிறான். மெலிந்து வெளிறிய முகங்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்த 30 பேர் நோயாளி வேஷத்தில், உடுப்புக்குள் ஆயுதங்களோடு உள்ளே வருகிறார்கள். அன்றிரவே கோட்டை கைமாறுகிறது. 1752-இல் கிளைவ் வந்து அதை மீட்டு, வெடிவைத்துத் தகர்த்தார். அந்தச் சண்டையில் கிளைவின் புதுச் சிப்பாய் ஒருவன் பயந்துபோய்க் கிணற்றுக்குள் ஒளிந்துகொண்டது உட்பட எல்லாம் பதிவாகியிருக்கிறது.

பதிவாகாதது ஒன்றுண்டு. அலை உடைந்து புரளும் இக்கரையிலிருந்து நங்கூரமிட்ட கப்பலுக்குப் போய்த் திரும்பக்கூடியவர்கள் யார்? கட்டுமரக்காரர்களைத் தவிர வேறு யாராகவும் இருந்திருக்க முடியாது என்றே படுகிறது. கதையில் அவர்களுக்கு இரண்டொரு வார்த்தை இடம். செய்தியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் காணாமல் போகிறார்கள். கிணற்றில் ஒளிந்தவனுக்குக் கிடைத்த இடம்கூட இவர்களுக்கு இல்லை.

1970-களில் அந்தக் கோட்டை இருந்த இடத்தில் தாஜ் குழுமத்தின் உல்லாச விடுதி வந்தது. பெயர்: 'ஃபிஷர்மேன்ஸ் கோவ்'. மீனவனின் சிறுகுடா. டச்சுக் கோட்டையின் மிச்சங்கள் மீது எழுந்தது என்று விளம்பரங்கள் சொல்லும். கெஸட்டியர் சொல்லும் ஆஸ்டெண்டும் நவாபும் 'டச்சு' என்ற வசதியான ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 'மீனவன்' பெயர்ப்பலகைக்குப் போய்விட்டது. ஒரு வாழ்க்கை அலங்காரமாகும்போது முதலில் உதிர்வது அதன் வேலைதான்.

வெளியூரார் வருவது கோவளத்துக்குப் புதிதல்ல. தமீம் அன்சாரி தர்காவுக்கும், ஜான் டி மான்டி கட்டி அவரே அடக்கமாகியிருக்கும் மாதா கோவிலுக்கும் ஜனங்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் ஊரில் இருக்கும் ஒன்றைத் தேடி வந்தவர்கள். உல்லாசப் பயணி தேடி வருவது அங்கே இல்லாத ஒன்றை: வெறும் மணலை. மீனவக் குப்பத்தின் மணல் ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. படகு ஏற்ற, வலை உலர்த்த, கிழிசல் பொத்த, கரைவலை இழுக்க, மீனை ஏலம் போட, கருவாடு காயவைக்க என்று அது முழுக்க ஒரு பட்டறை. பட்டா இல்லாத பட்டறை. அதனால் வருவாய்த்துறை வரைபடத்தின் கண்ணுக்கும் பயணியின் கண்ணுக்கும் அது ஒன்றுபோலக் காலியிடமாகத் தெரிகிறது. 1991-இன் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டரைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. பிறகு அது எத்தனை முறை திருத்தப்பட்டது, யாருக்காக என்பது தனிக்கதை.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் இக்கரையெங்கும் கட்டுமரத்தை ஏறக்குறைய ஓரங்கட்டிவிட்டன. 2013-இல் அலைச்சறுக்கு விழா தொடங்கியது. 2021-இல் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. குப்பத்துப் பையன்களில் சிலர் இன்று அலைச்சறுக்கு சொல்லித்தருகிறார்கள். அதை இழிவாகப் பேச நான் தயாரில்லை. அலையின் மேல் நிற்பதைப் புதிதாகக் கற்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை, அதற்குக் கூலி கிடைப்பதுதான் புதிது.

நம்முடைய இலக்கியப் பார்வையும் இந்த விஷயத்தில் பெரிய யோக்கியம் இல்லை. நெய்தல் என்றதும் இரங்கல், மாலை, புன்னை நிழல், பிரிந்தவள். நாமும் வெறும் மணலைத்தான் கேட்டோம். 'கடல்புரத்தில்' 1977-இல் வந்தபோதும், 'ஆழி சூழ் உலகு' 2004-இல் வந்தபோதும் நமக்கு உண்டான ஆச்சரியமே அதற்குச் சாட்சி.

வங்கிப் பயிற்சி ஒன்றுக்காகச் சென்னை போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சகஊழியர் ஒருவருடன் கோவளம் போனேன். படகுகளுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து மீன் காயப் போட்டிருந்தார்கள். நண்பர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு அழகான இடம் சார், இந்த நாத்தத்தை மட்டும் அப்புறப்படுத்திட்டா எங்கேயோ போயிடும்" என்றார். ஊருக்குத் திரும்பும்போது வீட்டுக்கென்று இரண்டு கிலோ கருவாடு வாங்கினவரும் அவர்தான்.

நற்றிணையின் 45-ஆம் பாட்டில் இதே வாக்குவாதம் நடந்திருக்கிறது. இவள் மீனவர் மகள், நீயோ பெரிய ஊரின் பணக்காரன் பிள்ளை, சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை விரட்டும் எங்கள் மேல் மீன்வாடை அடிக்கும், தள்ளியே நில் என்கிறாள் தோழி. உன் வாழ்வு எங்களுக்கு எதற்கு, எங்களிலும் சிறந்தவர்கள் உண்டு என்றும் சொல்கிறாள். தேரில் வந்தவன் என்ன பதில் சொன்னான் என்பது பாட்டில் இல்லை.