எதில் எத்தனை விழுக்காடு? – அயர்லாந்து மருத்துவமனைப் பரிசுச் சீட்டு

அறத்தின் பெயரால் திரட்டப்படும் பணம் எவர் கைக்குச் செல்கிறது? இக்கேள்வியை உரக்கக் கேட்க ஒரு நாடே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தயங்கிய வரலாறு ஒன்று உண்டு. அதுவே அயர்லாந்து மருத்துவமனைப் பரிசுச் சீட்டின் வரலாறு.

1922இல் தன்னாட்சி பெற்ற அயர்லாந்தில், நன்கொடையை நம்பி நடந்த மருத்துவமனைகள் நிதியின்றித் தவித்தன. அவற்றுக்காகப் பரிசுச் சீட்டு நடத்த 1930ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. நடத்தும் பொறுப்போ இலாப நோக்குடைய ஒரு தனியார் நிறுவனத்திடம் சென்றது. பந்தயத் தரகர் ரிச்சர்ட் டகன், பொறியாளர் ஸ்பென்சர் ஃபிரீமன், முன்னாள் அமைச்சர் ஜோசப் மெக்ரா ஆகிய மூவரே அதன் நிறுவனர்கள்.

விற்ற சீட்டுகளின் அடிக்கட்டைகளைப் பெரிய உருளையில் இட்டுக் குலுக்குவர். எடுக்கப்படும் சீட்டுக்கு ஒரு பந்தயக் குதிரை ஒதுக்கப்படும். அக்குதிரை வென்றால் சீட்டுக்கு உரியவர் செல்வந்தராவார். 1930 நவம்பரில் மான்செஸ்டர் குதிரைப் பந்தயத்தை ஒட்டி நடந்த முதல் குலுக்கலிலேயே மருத்துவமனைகளுக்கு ஏறத்தாழ 1,31,000 பவுண்டு கிடைத்தது. பிற்காலத்தில் சீருடை அணிந்த செவிலியரே சீட்டெடுத்தனர். அக்காட்சியைக் கண்ட எவருக்கும் இது தொண்டு என்றே தோன்றும். வணிகம் என்று தோன்றாது.

வணிகத்தின் சூட்சுமம் கணக்கில் இருந்தது. விழுக்காட்டுப் பாடம் நடத்தும்போது, "எத்தனை விழுக்காடு என்றால் போதாது, எதில் என்றும் சொல்" என்று நான் மாணவர்களிடம் வற்புறுத்துவதுண்டு. இங்கும் அதே கேள்விதான். ஒரு புத்தகத்தில் 12 சீட்டுகள். விலை ஒன்றுக்கு 10 ஷில்லிங். பத்துச் சீட்டின் பணத்தை அனுப்பினால் போதும். மீதி இரண்டும் விற்பவருக்கு. மக்கள் கொடுத்தது 6 பவுண்டு. டப்ளினைச் சேர்ந்தது 5 பவுண்டு. மருத்துவமனைக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் 1 பவுண்டு கிடைக்கும். ஆனால் மக்கள் கொடுத்ததில் அது ஆறில் ஒரு பங்கே அன்றோ? முகவர்களுக்கான கழிவு கூடக் கூட, அறப்பங்கு மேலும் சுருங்கும். போதாக்குறைக்கு, அந்த அறப்பங்கின்மீது அரசு முத்திரை வரியும் விதித்தது.

சீட்டு வாங்கியோரில் பெரும்பாலோர் அயல்நாட்டினர். பிரிட்டன் 1934இல் சட்டமியற்றி இவ்விற்பனையை ஒடுக்கவே, அமெரிக்கச் சந்தை முதன்மை பெற்றது. அங்கும் சட்டம் இதற்கு இடந்தரவில்லை. சீட்டுகள் கள்ளத்தனமாகவே சென்றன. மறைவில் நடக்கும் விற்பனைக்கு வெளிப்படையான கணக்கு ஏது?

1973இல் ஜோ மெக்கான்டனி என்னும் செய்தியாளர் 'சண்டே இன்டிபெண்டன்ட்' இதழில் உண்மையை உடைத்தார். சீட்டு விற்ற தொகையில் பத்து விழுக்காடுகூட மருத்துவமனைகளைச் சேரவில்லை என்பதே அவர் கண்டது. மெக்ரா குடும்பமோ பெருஞ்செல்வம் சேர்த்திருந்தது. 1951இல் புகழ்பெற்ற எப்சம் டெர்பி பந்தயத்தில் வென்ற குதிரையின் உரிமையாளர் ஜோசப் மெக்ராவே.

ஆயினும் இதை வெறும் ஏமாற்று என்று ஒதுக்கிவிட இயலாது. அப்பணத்தால் மருத்துவமனைகள் எழுந்தன. நோயாளிகள் நலம் பெற்றனர். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலையும் கிடைத்தது. அந்த நன்மையே கேள்வி கேட்போரின் வாயையும் அடைத்தது. வறிய நாட்டின் மருத்துவமனைக்கு வரும் பணத்தைத் தடுத்தவர் என்ற பழியை ஏற்க எந்த அரசியல்வாதி முன்வருவார்?

1986இல் தேசிய லாட்டரி நடத்தும் உரிமை அஞ்சல் துறைக்குச் சென்றது. மறு ஆண்டே இந்நிறுவனம் மூடப்பட்டது. வேலையிழந்தோரில் பெரும்பாலோர் நெடுங்காலம் உழைத்த பெண்கள்.

ஈகை நம் மரபு. அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் ஈகையின் பெயரால் ஒருவர் சீட்டு நீட்டும்போது, நாம் கொடுக்கும் ஒரு வெள்ளியில் எத்தனை காசு உரியவரைச் சேரும் என்று கேட்பதும் அறமே. அக்கேள்விக்கு முகஞ்சுளிப்பவரிடம் சீட்டு வாங்காதிருப்பதே நன்று.