எருமைப்பாலும் பாலறிவியலின் அளவுகோலும்

பாலின் இயைபை ஆராயும் நவீன அறிவியல் பெரிதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தது. அங்கே பால் என்ற சொல்லுக்குப் பசும்பால் என்பதே பொருள். அதனால் பசும்பாலின் இயல்புகளே பாலின் பொது இயல்புகளாகக் கொள்ளப்பட்டன. எருமைப்பாலை மிகுதியாகப் பயன்படுத்தும் இந்தியாவுக்கு இந்த அளவுகோல் பொருந்தவில்லை. அதன் விளைவை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குஜராத்தின் கெய்ரா மாவட்ட உழவர்கள் நேரடியாக எதிர்கொண்டனர்.

பசும்பாலில் கொழுப்பு பொதுவாக 3.5 முதல் 5 விழுக்காடு வரை இருக்கும். எருமைப்பாலில் 6 முதல் 8 விழுக்காடு வரை. கேசின் என்னும் புரதமும் கால்சியமும் எருமைப்பாலில் கூடுதல். பசும்பாலுக்கு இளமஞ்சள் நிறம் தரும் கரோட்டின் எருமைப்பாலில் அநேகமாக இல்லை. ஆகவே அது தூய வெண்ணிறமாகத் தோன்றும். இவ்வேறுபாடுகளால் எருமைப்பால் சூடாக்கும்போதும், செறிவூட்டும்போதும், உறையும்போதும் பசும்பாலினின்று மாறுபட்டு நடந்துகொள்கிறது.

1946 டிசம்பரில் திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் கெய்ரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவு செய்யப்பட்டது. சங்கம் திரட்டிய பால் பம்பாய்க்குச் சென்றது. எருமைகள் குளிர்காலத்தில் மிகுதியாகவும் கோடையில் குறைவாகவும் கறப்பவை. குளிர்கால உபரி முழுவதையும் பம்பாய் வாங்கவில்லை. வாங்குவோரற்ற பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும், இழப்பு உழவருடையது. உபரியைப் பொடியாக்குவதே வழி. ஆனால் எருமைப்பாலைப் பொடியாக்க இயலாது என்பதே அன்றைய வெளிநாட்டு வல்லுநர் பலரின் கருத்து.

ஆனந்தில் வர்கீஸ் குரியனுடன் பணியாற்றிய பால் தொழில்நுட்ப அறிஞர் எச். எம். தலாயா அக்கருத்தை ஏற்கவில்லை. கொழுப்பு நீக்கிய எருமைப்பாலைத் தெளித்து உலர்த்திப் பொடியாக்கலாம் எனச் செய்துகாட்டினார். யுனிசெஃப் அளித்த இயந்திரங்களின் துணையுடன் எழுந்த ஆனந்த் பாற்பண்ணையை 1955 அக்டோபர் 31 அன்று ஜவாஹர்லால் நேரு திறந்துவைத்தார்.

அடுத்த சிக்கல் குழந்தை உணவு. எருமைப்பால் வயிற்றில் கெட்டியாக உறைவதால் கைக்குழந்தைக்குச் செரிப்பது அரிது. மைசூரில் 1950இல் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள் கொழுப்பைக் குறைத்து, உறைகட்டி மென்மையாகும்படி பாலைப் பக்குவப்படுத்தும் முறையைக் கண்டனர். ஆனந்த் சங்கம் அம்முறையில் குழந்தை உணவைத் தயாரித்தது. இறக்குமதியை நம்பியிருந்த ஒரு பொருள் உள்நாட்டு எருமைப்பாலிலிருந்து கிடைக்கலாயிற்று.

இந்திய உணவுச் சட்டமும் பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும் வெவ்வேறு கொழுப்பளவை விதித்தது. எருமைப்பாலில் நீர் கலந்து பசும்பாலின் அளவுக்குக் கொண்டுவர முடியும் என்பதால் ஒரே அளவு இரண்டிற்கும் போதாது.

எருமைப்பாலைப் பொடியாக்க இயலாது என்ற முடிவு பசும்பாலைக் கொண்டு பெறப்பட்ட அனுபவத்திலிருந்து எழுந்தது. எருமைப்பாலைத் தனிப்பொருளாக எடுத்து ஆராய்ந்தபோது அது மாறிற்று. ஓர் அறிவியல் முடிவு எந்தப் பொருளை ஆராய்ந்து பெறப்பட்டது என்ற கேள்வி, கெய்ராவில் உழவரின் குளிர்கால வருவாயைத் தீர்மானிக்கும் கேள்வியாகவும் இருந்தது.